ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் பிஎஸ்டி இம்போர்ட்: முதல் முறை சுலபம், இரண்டாம் முறைதான் சோதனை

ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பை லேயர்களோடு, அதாவது தனித்தனி ஓவிய அடுக்குகளோடு, திறக்கும் வசதி பெரும்பாலான 2டி அனிமேஷன் மென்பொருள்களில் வந்துவிட்டது. அதனால் "திறக்கிறதா" என்று மட்டும் பார்த்து ஒரு மென்பொருளை எடைபோட முடியாது. பாதி அனிமேஷன் முடிந்த நிலையில் ஓவியர் கதாபாத்திரத்தின் சட்டைக் கையை மாற்றி வரைந்து கொடுக்கிறார். அதுவரை போட்ட கீஃப்ரேம்கள் (அசைவைக் குறித்து வைக்கும் நேரப் புள்ளிகள்) அப்படியே நிற்குமா, சிதறுமா? வேலையின் பெரும்பகுதி நேரம் கரைவது இங்கேதான். அந்த அளவுகோலை வைத்து ஆஃப்டர் எஃபெக்ட்ஸை விரிவாகவும், ஓப்பன்டூன்ஸையும் லைவ்2டி கியூபிஸத்தையும் ஒப்பீட்டுக்காகச் சுருக்கமாகவும் இங்கே பார்க்கலாம்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கண்ட்ரோல் + ஐ அழுத்தி பிஎஸ்டியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சிறு பெட்டி வருகிறது. அதில் 'இம்போர்ட் கைண்ட்' என்ற இடத்தில் மூன்று வழிகள் உண்டு: ஃபூட்டேஜ், காம்போசிஷன், காம்போசிஷன் - ரிட்டெய்ன் லேயர் சைஸஸ். ஃபூட்டேஜ் என்றால் எல்லா லேயரும் ஒட்டிய ஒரே படம், அல்லது நாம் தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு லேயர். அவசரத்தில் ஒட்டிய படமாகக் கொண்டுவந்துவிட்டாலும் பரவாயில்லை. டைம்லைனில் அந்த லேயரைத் தேர்ந்தெடுத்து லேயர் மெனுவில் கிரியேட், அதில் 'கன்வர்ட் டு லேயர்டு காம்ப்' கொடுத்தால் பிரிந்துவிடும். காம்போசிஷன், சுருக்கமாக காம்ப், என்பது லேயர்களை அடுக்கி அசைக்கும் மேடை. கதாபாத்திர அனிமேஷனுக்கு முக்கியமானவை மற்ற இரண்டும். அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசத்தை அந்தப் பெட்டி ஒரு வரிகூட விளக்குவதில்லை. இந்த மென்பொருளின் மேல் உள்ள முதல் குறை இது.

இரண்டில் எது?

'காம்போசிஷன்' என்று கொடுத்தால் ஒவ்வொரு லேயரும் கேன்வாஸின் முழு அளவில் வரும். கேன்வாஸ் 4000 x 4000 பிக்சல் என்றால், அதில் இருப்பது ஒரு கண் இமை மட்டுமே என்றாலும் அந்த லேயரின் அளவு 4000 x 4000 தான். ஆங்கர் பாயிண்ட் (லேயர் சுழலும் மையப் புள்ளி) எல்லா லேயருக்கும் கேன்வாஸின் நடுவில் நிற்கும். கேன்வாஸுக்கு வெளியே நீண்டிருக்கும் ஓவியம் வெட்டப்பட்டுவிடும்.

'ரிட்டெய்ன் லேயர் சைஸஸ்' கொடுத்தால் ஒவ்வொரு லேயரும் தன் ஓவியம் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் வரும். ஆங்கர் பாயிண்ட் அந்தந்த ஓவியத்தின் நடுவில் இருக்கும். கேன்வாஸுக்கு வெளியே இருப்பதும் வெட்டுப்படாமல் வந்துசேரும்.

கற்றுத்தரும் வீடியோக்களில் பல இரண்டாவதைத்தான் பரிந்துரைக்கின்றன. காரணம் புரிகிறது: லேயரைச் சுற்றியுள்ள பெட்டி சிறிதாக இருப்பதால் சொடுக்கிப் பிடிப்பது எளிது, ஆங்கர் பாயிண்டும் பக்கத்திலேயே இருக்கும், நினைவகமும் மிச்சமாகும். 8 பிட்டில் 4000 x 4000 அளவுள்ள ஒரு லேயர், பிக்சலுக்கு 4 பைட் என்று கணக்கிட்டால், 64 மெகாபைட். 16 பிட்டில் 128. நாற்பது லேயர் உள்ள கதாபாத்திரத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் கனம் தெரியும்.

ஆனால் திருத்தம் வரும்போது இதே வழி காலை வாரிவிடுகிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஆங்கர் பாயிண்ட்டை லேயரின் மேல் இடது மூலையிலிருந்து எண்ணி வைத்துக்கொள்கிறது. ஓவியத்தின் எல்லை மாறினால் அந்த மூலையும் நகரும். ஆங்கரின் எண்கள் மட்டும் பழையபடியே இருக்கும்.

ஓர் உதாரணம். மேற்கை (தோளிலிருந்து முழங்கைவரை) லேயர் 400 x 900 பிக்சல். தோள் மூட்டில் ஆங்கரை 200, 60 என்று வைத்துச் சுழற்சிக்குக் கீஃப்ரேம் போட்டாயிற்று. ஓவியர் சட்டைக் கையைப் புடைக்க வைத்து இடப்பக்கம் 100 பிக்சலும் மேலே 40 பிக்சலும் கூட்டிச் சேமிக்கிறார். லேயர் இப்போது 500 x 940. ஆங்கர் இன்னும் 200, 60 தான். ஆனால் அந்த எண் இப்போது சுட்டுவது பழைய ஓவியத்தில் 100, 20 இருந்த இடத்தை. விளைவு: கை முழுவதும் வலப்பக்கம் 100 பிக்சலும் கீழே 40 பிக்சலும் தள்ளி நிற்கும், சுழற்சியும் தோளுக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியைச் சுற்றி நடக்கும். கையை மட்டும் சரிசெய்ய ஆங்கர் எண்ணை 300, 100 என்று திருத்தினால் போதும். பொசிஷனைத் தொடவே வேண்டாம். ஆனால் அந்த லேயரில் மாஸ்க் (ஒரு பகுதியை மட்டும் காட்டும் எல்லை) வரைந்திருந்தாலோ பப்பெட் பின் (ஓவியத்தை வளைக்கும் முளை) குத்தியிருந்தாலோ அவையும் அதே மூலையிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. அவற்றை ஒரே எண்ணால் மீட்க வழியில்லை. ஓவியம் வலப்பக்கமோ கீழ்ப்பக்கமோ மட்டும் வளர்ந்தால் மூலை நகராது, ஒன்றும் கெடாது. சில திருத்தங்கள் சிக்கலே இல்லாமல் உட்கார்ந்துவிடுவதும் சில திருத்தங்கள் எல்லாவற்றையும் குலைப்பதும் இதனால்தான்.

முழு அளவில் இம்போர்ட் செய்த லேயரில் இந்தச் சிக்கல் வராது. கேன்வாஸ் அளவு மாறாதவரை மூலை நகராது. ஆகவே திருத்தம் வரும் வாய்ப்புள்ள கதாபாத்திரங்களுக்கு 'காம்போசிஷன்' என்பதே சரியான தேர்வு. பான் பிஹைண்ட் கருவியை ஒய் விசையால் எடுத்து ஒவ்வொரு ஆங்கரையும் மூட்டுக்கு நகர்த்தும் வேலை கூடுதல்தான். ஆனால் 'ரிட்டெய்ன்' வழியிலும் ஆங்கர் ஓவியத்தின் நடுவில்தான் வருகிறது, தோளில் வருவதில்லை. எப்படியும் நகர்த்தத்தான் வேண்டும். தோற்பாவையின் கையை எந்தத் துளையில் நூல் கோக்கிறார்களோ அங்கிருந்துதான் அது அசையும். அந்தத் துளையை எந்த மென்பொருளும் நமக்காக ஊகித்துப் போடாது.

இறுதியாகிவிட்ட பின்னணிகளுக்கும் அசையாப் பொருள்களுக்கும் 'ரிட்டெய்ன்' நல்லது. குறிப்பாக கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளுக்கு அதுவே வேண்டும். 1920 x 1080 கேன்வாஸில் 5000 பிக்சல் அகல மலைத்தொடர் இருந்தால் 'காம்போசிஷன்' வழி அதை 1920க்கு வெட்டிவிடும்.

நினைவகம் போதாமல் கதாபாத்திரத்துக்கும் 'ரிட்டெய்ன்' தான் வேண்டுமென்றால் ஒரு தந்திரம் உண்டு. ஃபோட்டோஷாப்பில் ஒவ்வொரு லேயரிலும், ஓவியம் வளரக்கூடிய எல்லையை முன்கூட்டியே யோசித்து, மேல் இடது மூலையிலும் கீழ் வலது மூலையிலும் 2 சதவீத ஒபாசிட்டியில் ஒவ்வொரு பிக்சல் புள்ளி வைத்துவிடலாம். ஓவியம் அந்த எல்லைக்குள் எப்படி மாறினாலும் லேயரின் அளவு மாறாது. ஆனால் அந்த லேயருக்கு ஸ்ட்ரோக் அல்லது க்ளோ போட்டால் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

கால அளவு என்ற கண்ணி

சாதாரண ஓவிய பிஎஸ்டிக்கு நேரம் என்ற ஒன்று கிடையாது. ஆகவே உருவாகும் காம்ப்பின் நீளத்தையும் ஃப்ரேம் ரேட்டையும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கடைசியாகப் பயன்படுத்திய காம்ப் அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. முந்தைய வேலை 3 விநாடி லோகோ என்றால், உங்கள் கதாபாத்திரமும் 3 விநாடியில் முடிந்துவிடும். வெளிக் காம்ப்பை நீட்டிச் சரிசெய்துவிடலாம் என்று பார்த்தால், பிஎஸ்டியின் ஒவ்வொரு குரூப்பும் தனித்தனிக் காம்ப்பாக உள்ளே இருக்கிறது. தலை ஒரு காம்ப், அதற்குள் கண் ஒரு காம்ப், வாய் ஒரு காம்ப். வெளியே நீட்டினால் உள்ளே நீளாது. ஒவ்வொன்றாகத் திறந்து, நீளத்தை மாற்றி, லேயர்களின் முடிவுப் புள்ளியையும் இழுக்க வேண்டும்.

இதைத் தவிர்க்க ஒரு நிமிட வேலை போதும். இம்போர்ட் செய்யும் முன்பே கண்ட்ரோல் + என் கொடுத்து, உங்கள் காட்சியின் ஃப்ரேம் ரேட்டும் தேவையைவிடச் சற்று அதிகமான நீளமும் வைத்து ஒரு வெற்றுக் காம்ப் உருவாக்கி ஓகே செய்துவிடுங்கள். பிறகு பிஎஸ்டியைக் கொண்டுவந்தால் எல்லா உள்காம்ப்புகளும் அதே அளவில் பிறக்கும். வெற்றுக் காம்ப்பை அழித்துவிடலாம்.

குரூப்புகளை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. ஃபோட்டோஷாப்பில் ஒழுங்குக்காக ஐந்தடுக்கு குரூப் போடும் ஓவியர்கள் உண்டு. அனிமேட்டருக்கு அது ஐந்து காம்ப்புக்குள் இறங்கும் படிக்கட்டு. முன்கை ஒரு காம்ப்பிலும் மேற்கை வேறொரு காம்ப்பிலும் மாட்டிக்கொண்டால் பேரன்ட் செய்யவும் (ஒன்றை அசைத்தால் மற்றதும் உடன் அசையும்படி இணைக்கவும்) முடியாது, ஏனென்றால் பேரன்டிங் ஒரே காம்ப்புக்குள் மட்டுமே வேலை செய்யும். சேர்ந்து அசைய வேண்டிய உறுப்புகள் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். கண், வாய் போல உள்ளுக்குள்ளேயே அசைந்துகொள்ளும் பகுதிகளுக்கு மட்டும் குரூப் போதும்.

இம்போர்ட் பெட்டியின் கீழே 'எடிட்டபிள் லேயர் ஸ்டைல்ஸ்', 'மெர்ஜ் லேயர் ஸ்டைல்ஸ் இன்டு ஃபூட்டேஜ்' என்று இன்னொரு தேர்வு இருக்கிறது. முதலாவது நிழல், ஸ்ட்ரோக் போன்றவற்றை மாற்றத்தக்க நிலையில் வைத்திருக்கும், ஃபோட்டோஷாப்பில் கண்ட தோற்றத்துக்கும் நெருக்கமாக இருக்கும். இரண்டாவது ரெண்டருக்கு வேகமானது, ஆனால் தோற்றம் சற்று மாறக்கூடும். 3டி லேயர்கள் ஒன்றையொன்று ஊடுருவ வேண்டுமென்றால் இரண்டாவதுதான் வழி; லேயர் ஸ்டைல் உள்ள 3டி லேயர் மற்றவற்றோடு ஊடுருவாது. கதாபாத்திர ஓவியத்தில் லேயர் ஸ்டைலே இல்லாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விட நல்லது. எழுத்து லேயர்கள் படமாகத்தான் வரும். லேயர் மெனுவின் கிரியேட் பகுதியில் 'கன்வர்ட் டு எடிட்டபிள் டெக்ஸ்ட்' கொடுத்தால் மீண்டும் திருத்தலாம். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் தட்டையான படமாக வரும்.

ஓவியர் சேமித்து அனுப்பிய பிறகு

இணைப்பு விஷயத்தில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு நல்ல மதிப்பெண் தரலாம், முழு மதிப்பெண் தர முடியாது. ப்ராஜெக்ட் பேனலில் ஃபூட்டேஜைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + ஆல்ட் + எல் அழுத்தினால் கோப்பின் புதிய வடிவம் ஏறும். கண்ட்ரோல் + ஈ நேராக ஃபோட்டோஷாப்பில் திறந்துவிடும். இம்போர்ட்டுக்குப் பிறகு ஃபோட்டோஷாப்பில் லேயரின் பெயரை மாற்றினாலும் இணைப்பு அறுவதில்லை. இது உண்மையிலேயே நல்ல வடிவமைப்பு. பெயரை மட்டும் நம்பும் மென்பொருள்கள் இந்த இடத்தில் தடுமாறுகின்றன.

லேயரை நீக்கினால் கதை வேறு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அதைக் காணவில்லை என்று குறித்து, வண்ணப் பட்டைகளைக் காட்டும். இரண்டு லேயரை ஓவியர் மெர்ஜ் செய்தாலும் அவற்றில் ஒன்று நீங்கியதாகத்தான் பொருள். ஒரு லேயரை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக வரைவதும் ஆபத்து. ஆகவே ஓவியருக்குச் சொல்ல வேண்டிய விதி ஒன்று: இருக்கும் லேயருக்குள்ளேயே அழித்து வரையுங்கள், லேயரை நீக்க வேண்டாம், வேண்டாத லேயரின் கண் குறியை அணைத்து மறைத்து வையுங்கள்.

பெரிய குறை, புதிய லேயர்கள் தாமாக வருவதில்லை. ஓவியர் கண்ணாடி சேர்த்து அனுப்பினால், எத்தனை முறை ரீலோட் செய்தாலும் கண்ணாடி தோன்றாது. அதே பிஎஸ்டியை மறுபடி இம்போர்ட் செய்து, 'ஃபூட்டேஜ்' கொடுத்து, 'சூஸ் லேயர்' பட்டியலில் கண்ணாடியை மட்டும் எடுக்க வேண்டும். அப்போது தோன்றும் 'ஃபூட்டேஜ் டைமென்ஷன்ஸ்' என்ற இடத்தில் 'டாக்குமென்ட் சைஸ்' வைத்தால், முழு அளவுக் காம்ப்பில் போட்டவுடன் கண்ணாடி தன் இடத்திலேயே உட்காரும். 'லேயர் சைஸ்' வைத்தால் அது காம்ப்பின் நடுவில் விழும், கையால் பொருத்த வேண்டியிருக்கும். எந்தெந்த லேயர் புதிதாக வந்திருக்கிறது என்று மென்பொருள் சொல்வதும் இல்லை. ஓவியரே ஒரு வரி எழுதி அனுப்பினால்தான் உண்டு. 1993 முதல் சந்தையில் இருக்கும் மென்பொருள், அதுவும் ஃபோட்டோஷாப்பை வெளியிடும் அதே நிறுவனத்தின் கையில் இருப்பது, இதை இன்னும் தீர்க்காமல் விட்டிருப்பது ஏமாற்றம்.

கோப்பை அனுப்பும் முன்

இம்போர்ட்டின் குறைகள் என்று புகார் சொல்லப்படுபவற்றில் பல, கோப்பிலேயே இருப்பவை. அச்சுக்காக சிஎம்ஒய்கேவில் வரைந்த கோப்பை அப்படியே அனுப்பக் கூடாது. ஃபோட்டோஷாப்பில் திரைக்கான வண்ண முறையான ஆர்ஜிபிக்கு மாற்றும்போது லேயர்களை ஒட்டிவிடவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பழக்கத்தில் என்டர் தட்டினால் மொத்த உழைப்பும் ஒரே லேயராகிவிடும். ஃபோட்டோஷாப்பின் ஃபைல் ஹேண்ட்லிங் அமைப்பில் 'மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' எப்போதும் இயங்கும்படி வைத்திருங்கள். கோப்பு பெரிதாகும் என்று இதை அணைத்துவிட்டால் ஒட்டிய படம் கோப்புக்குள் சேமிக்கப்படாது. அந்தப் படத்தைப் படிக்கும் மென்பொருள்கள் ஓவியத்துக்குப் பதிலாக ஓர் எச்சரிக்கை வாசகத்தைத்தான் காட்டும். அளவும் கவனிக்கத்தக்கது: ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் வரம்பு ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல்.

லேயர் பெயர்கள் ஒவ்வொன்றும் தனித்திருக்க வேண்டும். இடக்கை, வலக்கை இரண்டிலும் 'விரல்' என்றே லேயர் இருந்தால், தவறான விரலுக்குக் கீஃப்ரேம் போட்டபின்தான் தெரியும். 'இட_விரல்_1' என்பது போலப் பக்கமும் எண்ணும் சேர்ந்த பெயர் போதும்.

அசையும் உறுப்புகள் ஒன்றன் கீழ் ஒன்று நுழையும்படி வரையப்பட வேண்டும். முழங்கையில் மேற்கையும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் வெட்டப்பட்டிருந்தால், 20 டிகிரி திருப்பியதுமே இடைவெளி தெரியும். இரண்டின் முனையும் ஒரே விட்டமுள்ள அரைவட்டமாக இருந்து, அந்த வட்டத்தின் மையத்தில் ஆங்கர் இருந்தால் எந்தக் கோணத்திலும் மூட்டு மூடியே இருக்கும். கழுத்து தலைக்குப் பின்னால் தாடைக்கு மேல்வரை போக வேண்டும். கருவிழி, இமை திறக்கும் அளவோடு நிற்காமல் முழு வட்டமாக இருக்க வேண்டும்.

ஓரங்களில் வெள்ளைக் கோடு தெரிந்தால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸைக் குற்றம் சொல்லாதீர்கள். வெள்ளைத் தாளில் வரைந்த ஓவியத்தை மேஜிக் வாண்டால் வெட்டியெடுத்தபோது, ஓரத்தின் பாதி ஒளிபுகும் பிக்சல்களில் வெள்ளை கலந்தே வந்திருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் வெள்ளைப் பின்னணிமீது தெரியாது. காம்ப்பில் கறுப்புப் பின்னணிமீது வைத்ததும் பளிச்சென்று தெரியும். ஃபோட்டோஷாப்பின் லேயர் மெனுவில் மேட்டிங், அதில் 'ரிமூவ் வொய்ட் மேட்' அல்லது 'டிஃப்ரிஞ்ச்' கொடுத்துப் பார்க்கலாம். அனுப்பும் முன் எல்லா லேயருக்கும் அடியில் அடர் நிறம் ஒன்றை நிரப்பிப் பார்க்கும் வழக்கம் நல்லது.

க்ளிப் ஸ்டுடியோ பெயின்ட்டில் வரைபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதிலுள்ள 'ஆட் க்ளோ' போன்ற சில கலப்பு முறைகளுக்கு (ஒரு லேயரின் நிறம் கீழுள்ளதோடு கலக்கும் விதங்களுக்கு) ஃபோட்டோஷாப்பில் அப்படியே ஈடில்லை. பிஎஸ்டியாக ஏற்றுமதி செய்யும்போது ஒளிரும் பகுதிகள் மங்கியோ வெளிறியோ வரும். அந்த லேயர்களைத் தனியாக வைத்து, ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலேயே 'ஆட்' அல்லது 'ஸ்க்ரீன்' போட்டுக்கொள்வது நம்பகமானது.

ஓப்பன்டூன்ஸும் கியூபிஸமும்

2016இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட ஓப்பன்டூன்ஸ் இலவசம். அதன் பிஎஸ்டி பெட்டி பழைய பாணியில் இருந்தாலும், ஒரு விஷயத்தில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸை மிஞ்சுகிறது. லோட் லெவல் வழியாக பிஎஸ்டியைக் கொடுத்தால் மூன்று தேர்வுகள்: ஒரே படமாக, ஃப்ரேம்களாக, காலம்களாக (எக்ஸ்ஷீட் என்ற ஃப்ரேம் அட்டவணையின் நெடுவரிசைகளாக). காலம் என்றால் லேயருக்கு ஒரு நெடுவரிசை. ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு லேயரும் ஒரே நெடுவரிசையில் அடுத்தடுத்த ஃப்ரேமாக இறங்கும். அதைவிட அருமை குரூப்புக்கான தேர்வு: குரூப்புக்குள் உள்ள லேயர்களை ஒரே நெடுவரிசையின் ஃப்ரேம்களாக வைக்கச் சொல்லலாம். பத்து வாய் வடிவங்களை 'வாய்' என்ற குரூப்பில் வைத்தால், இம்போர்ட் முடிந்ததும் அது மாற்றி மாற்றிப் போடத்தக்க ஒரே நெடுவரிசையாக எக்ஸ்ஷீட்டில் தயாராக நிற்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதற்குத் தனிக் காம்ப், ஒவ்வொரு லேயரையும் ஒரு ஃப்ரேமுக்கு வெட்டி வரிசைப்படுத்துவது, பிறகு டைம் ரீமேப் (காம்ப்பின் எந்த நொடி எப்போது தெரிய வேண்டும் என்று மாற்றுவது) என்று சுற்ற வேண்டும்.

ஓப்பன்டூன்ஸில் பலரைத் திணறடிப்பது டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் டிபிஐயைக் கண்டுகொள்வதே இல்லை, பிக்சலை மட்டும் எண்ணும். ஓப்பன்டூன்ஸ் கோப்பிலுள்ள டிபிஐயைப் படித்து, கேமராவின் அளவோடு ஒப்பிட்டுப் படத்தைச் சுருக்கும் அல்லது பெருக்கும். 300 டிபிஐயில் வரைந்த கதாபாத்திரம் சின்னதாக வந்து விழுந்தால் காரணம் இதுவே. ப்ரிஃபரன்ஸில் 'பிக்சல்ஸ் ஒன்லி' அல்லது இம்போர்ட் செய்யும் படங்களுக்கெல்லாம் ஒரே டிபிஐ என்ற தேர்வை இயக்கிவிட்டுத் தொடங்கினால் தொல்லையில்லை. மல்டிப்ளை போன்ற கலப்பு முறைகளை எதிர்பார்க்காதீர்கள். அவற்றை எஃப்எக்ஸ் ஸ்கெமாட்டிக்கில் (எஃபெக்டுகளை இணைக்கும் வரைபடத்தில்) நோடாகச் சேர்க்க வேண்டும். நிழலெல்லாம் மல்டிப்ளையில் வரைந்த கோப்பு என்றால், நிறத்தோடு ஒட்டிக் கொடுப்பதே மேல்.

லைவ்2டி கியூபிஸம் கோப்பு விஷயத்தில் கண்டிப்பானது: ஆர்ஜிபி, 8 பிட், எஸ்ஆர்ஜிபி வண்ண ப்ரொஃபைல். லேயர் மாஸ்க், க்ளிப்பிங், ஸ்டைல் எல்லாவற்றையும் ஒட்டி, ஓர் உறுப்புக்கு ஒரு சாதாரண லேயர் என்று தர வேண்டும். அந்தக் கண்டிப்புக்குக் கைம்மாறாக, மறு இம்போர்ட்டை அது முறையான ஒரு வேலையாகவே நடத்துகிறது. திருத்திய பிஎஸ்டியை ஏற்கெனவே திறந்திருக்கும் மாடல்மீது இழுத்துப் போட்டால், எந்தப் பழைய கோப்புக்குப் பதிலாக என்று கேட்டு, பொருந்தும் லேயர்களின் படத்தை மட்டும் மாற்றி, அசைவுக்குப் போட்ட கீகளை அப்படியே வைத்துக்கொள்கிறது. புதிய லேயர்கள் புதிய ஆர்ட்மெஷ்ஷாக (ஓவியத்தை வளைக்கும் மெஷ், அதாவது புள்ளி வலை, போர்த்திய உறுப்பாக) வந்துசேரும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மெஷ் தானாக வளராது. சட்டைக் கை பழைய மெஷ்ஷின் எல்லையைத் தாண்டிப் புடைத்திருந்தால் அந்தப் புடைப்பு வெட்டுப்பட்டுத் தெரியும். மெஷ் எடிட்டில் நுழைந்து ஓரப் புள்ளிகளை வெளியே தள்ள வேண்டும். மெஷ்ஷை முதலில் போடும்போதே ஓவியத்தின் விளிம்பிலிருந்து சில பிக்சல் வெளியே தள்ளிப் போட்டிருந்தால், சிறு திருத்தங்களுக்கு அந்த வேலையும் இல்லை.